தோளில் விழுந்த கை

என் கணவர் சந்திரமௌலியைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். படத்தில் இருக்க வேண்டியவர்கள் ஒரு வகை. கொஞ்சம் நகர்ந்து நிற்க வேண்டியவர்கள் இன்னொரு வகை. நான் எந்த வகை என்று கேட்காதீர்கள். தாலி கட்டிய நாளிலிருந்து நகர்ந்துகொண்டுதான் இருக்கிறேன்.

மேற்கு ஜெர்மனிக்கு அப்போது பான் நகரம் தலைநகரம். தலைநகரம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சாயங்காலம் கடை அடைத்துவிட்டால் தெருவில் நாய்கூட இருக்காது. இருந்தாலும் கயிற்றில் கட்டி யாராவது பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஊரில்தான், நம் ஊரிலிருந்து வரும் அரசியல் தலைவர்களுக்கு அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக என் கணவர் குப்பை கொட்டினார். ஆரம்பித்தது அறுபத்து நாலில்.

அவர் ஜெர்மனிக்கு வந்ததென்னவோ அச்சுத் தொழில் படிக்க. ஸ்காலர்ஷிப்பில் கொலோன் வந்து இறங்கிய முதல் மாதமே, சாப்பாட்டுக்கு வைத்திருந்ததைக் கொடுத்துப் பழைய ரோலைஃப்ளெக்ஸ் காமிரா ஒன்றை வாங்கிவிட்டு, மிச்ச நாளெல்லாம் ரொட்டியும் உருளைக்கிழங்குமாக ஓட்டினாராம். இதைச் சொல்லும்போது காசிக்குப் போய்வந்த களை முகத்தில் தெரியும். படிப்பு என்ன ஆயிற்று என்று கேட்டால் மட்டும் காமிராவைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

பானில் ரைன் நட்புறவுக் கழகம் என்று ஒன்று இருந்தது. இந்தியாவிலிருந்து வரும் மந்திரிகளையும், அவர்களோடு ஒட்டிக்கொண்டு வருகிறவர்களையும் அழைத்துப்போய் ஜெர்மனியைக் காட்டுவது அதன் வேலை. சாக்கடைத் திட்டம் பார்க்க வந்தவர்கள் கைக்கடிகாரக் கடை பார்த்தார்கள். பால் பண்ணை பார்க்க வந்தவர்கள் அதற்கு எதிரில் இருந்த பீர் கடையைப் பார்த்தார்கள். எதைப் பார்த்தாலும் பார்த்ததற்குப் படம் வேண்டுமே! அதற்காகக் கழகம் ஒரு புகைப்படக்காரரைத் தேடியது.

போட்டிக்கு வந்த இன்னொருவர் தொழிலில் பழுத்த ஜெர்மன்காரர். அவர் காமிராவைத் தூக்கி மந்திரியின் மூஞ்சிக்கு நேராக நீட்டினார். ரோலைஃப்ளெக்ஸை அப்படிப் பிடிக்க முடியாது. வயிற்றுக்கு நேராகத் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையை நன்றாகக் குனிந்து மேலேயிருந்து பார்க்க வேண்டும். மந்திரிக்கு முன்னால் ஒருவன் கைகளைச் சேர்த்துத் தலைகுனிந்து நிற்கிறான் என்றால் கேட்க வேண்டுமா? மந்திரிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "பையன் மரியாதை தெரிஞ்சவன்யா, இவனே இருக்கட்டும்" என்றாராம். அப்படித்தான் வேலை கிடைத்தது. வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். ஒப்பந்தம் இருக்கும்வரை அந்த ஊரில் தங்க அனுமதி. ஒப்பந்தம் போனால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அடுத்த வருஷம் நான் வந்தேன். என் பெயர் கனகவல்லி. வீட்டுக்காரருக்கு வல்லி. மந்திரிகளுக்கு "போட்டோக்காரர் சம்சாரம்." இரண்டு அறை வீடு, குளியலறைதான் இருட்டறை. தொட்டியில் ஈரப் படங்கள் மிதக்கும். கதவைத் தட்டினால் "திறக்காதே, தலைவர் கெட்டுப்போயிடுவார்!" என்று உள்ளேயிருந்து அலறுவார். தலைவர்கள் ஏற்கெனவே கெட்டுப்போனவர்கள்தானே என்று நான் வெளியே துண்டும் கையுமாக நிற்பேன். ஊரில் தூதுக்குழு இல்லாத வாரங்களில்தான் எனக்கு நிம்மதியாகக் குளியல்.

அவருடைய தொழில் நுணுக்கம் இரண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும்.

முதலாவது எலுமிச்சம்பழம். ஊரில் மதுவிலக்கு, மதுவின் கேட்டைப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் இவர்கள். விமானத்திலிருந்து இறங்கியதும் தண்ணீரே ஒத்துக்கொள்ளாமல் போய்விடும், பாவம். விருந்துப் படம் எதை எடுத்தாலும் கையில் பீர் கோப்பை. அப்படியே ஊருக்கு அனுப்ப முடியுமா? இவர் மெல்லிய தூரிகையும் சவரப் பிளேடுமாக உட்கார்ந்து கோப்பையைச் சுரண்டி எடுப்பார். கோப்பை போய்விடும், ஆனால் எதையோ பிடித்த மாதிரி கை வளைந்து நிற்கும். அந்த வளைவுக்குப் பொருத்தமாக அவர் கண்டுபிடித்ததுதான் எலுமிச்சம்பழம். பெரியவர்களைப் பார்க்கப் போனால் நாம் கொடுப்பதுதானே! ஊர்ப் பத்திரிகைகளில் எங்கள் தலைவர்கள் ஜெர்மனி முழுக்க எலுமிச்சம்பழமும் கையுமாகச் சுற்றினார்கள். ஜெர்மன்காரர்கள் என்ன மரியாதை தெரிந்தவர்கள் என்று ஒரு பத்திரிகை தலையங்கமே எழுதியது.

இரண்டாவது வெறும் ஃபிளாஷ். அந்தக் காமிராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். ஒரு கூட்டத்துக்குக் கழகம் கொடுப்பது இரண்டு சுருள். தலைவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்பது எத்தனை பேர்? ஆகனிலிருந்து மாணவர்கள், டுசல்டோர்ஃபிலிருந்து எஞ்சினியர்கள், எடுபிடிகள், எடுபிடிகளுக்கு எடுபிடிகள். யாரையும் முடியாது என்று சொல்லக் கூடாது. அதனால் வேண்டியவர்களுக்கு மட்டும் ஃபிலிமில் எடுப்பார். மற்றவர்களுக்கு ஃபிளாஷை மட்டும் பளிச்சென்று அடித்துவிட்டு, "பிரமாதமா வந்திருக்கு சார்" என்று கை குலுக்கி அனுப்பிவிடுவார். நிஜமாக ஃபிலிமில் விழுந்தவர்களிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். இதை வைத்தே யாருக்குப் படம் உண்டு, யாருக்கு இல்லை என்று மூலையில் நின்றபடி நான் கணக்குச் சொல்லிவிடுவேன். அனுப்புகிறேன் என்பார், அவர்களும் ஊருக்குப் போனதும் மறந்துவிடுவார்கள். ஒருத்தன் மறக்கவில்லை. வந்தது வினை.

அறுபத்தொன்பதில் குருமூர்த்தி என்று ஒரு மந்திரி வந்தார். பழைய ஆள். மற்றவர்களைப் போல இல்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வரைய வேண்டியிருந்தது. ஒரே வித்தியாசம், போட்டோக்காரனும் ஒரு மனுஷன் என்று அவருக்கு எப்படியோ தோன்றியிருந்தது. வழியனுப்பு விருந்தில் எல்லோரும் படம் எடுத்து முடித்ததும், "ஏம்ப்பா மௌலி, எத்தனை நாளைக்கு எங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டிருப்ப? நீயும் உன் சம்சாரமும் வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டார்.

என் கணவர் காமிராவைக் கழகச் செயலாளர் சேஷாத்ரியிடம் கொடுத்துவிட்டு வந்தார். மந்திரி நடுவில். ஒரு பக்கம் இவர், இன்னொரு பக்கம் நான், பட்டுப்புடவையில். மந்திரி இவர் தோளில் கை போட்டுக்கொண்டார். "சிரிடா" என்றார். சேஷாத்ரி அமுக்கினார். சுருளின் கடைசிப் படம் அது.

உடனே மந்திரியின் பை தூக்குகிறவன் ஓடிவந்தான். பாஸ்கரன் என்று பெயர். மந்திரியின் பெட்டி, மாத்திரை, வெற்றிலைச் செல்லம் எல்லாவற்றையும் சுமப்பவன். "சார், எனக்கும் ஐயாவோட ஒண்ணு" என்று பல்லைக் காட்டினான். ஐயா அதற்குள் பக்கத்து ஆளிடம் பேசத் திரும்பிவிட்டார். பாஸ்கரன் அவர் முதுகுக்குப் பின்னால் விறைப்பாக நின்றான். இவர் ஃபிளாஷை மட்டும் அடித்தார். "பிரமாதமா வந்திருக்கு" என்றார்.

மந்திரியோடு நாங்கள் நின்ற படத்தை இவர் ஒரே ஒரு பிரதி போட்டுச் சட்டமடித்து ரேடியோவின் மேல் வைத்தார். விருந்தாளி யார் வந்தாலும் ரேடியோவைப் போடுகிற சாக்கில் அதைத் துடைப்பார். எனக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். மந்திரிக்காக இல்லை. அதில் இவர் முகம் நிமிர்ந்திருந்தது.

நாலைந்து வருஷம் ஓடியது. எழுபத்து மூன்றில் நான் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் சோதிக்கிற பயிற்சியில் சேர்ந்தேன். அந்த மொழியை அழுது அழுது படித்து, முப்பது வயதுக்கு மேல் சின்னப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு வருஷப் படிப்பு. முடித்தால் எனக்கென்று ஒரு வேலை. இவருடைய மந்திரிகள் வந்தாலும் வராவிட்டாலும் எங்கள் அடுப்பு எரியும். எனக்குக் குழந்தை இல்லை. அந்தச் சான்றிதழ்தான் என் தவம். ஆனால் என் தங்கும் அனுமதி இவருடைய அனுமதியில் தொங்கியது, இவருடைய அனுமதி கழகத்தின் ஒப்பந்தத்தில் தொங்கியது.

அந்தச் சமயம் பார்த்து ஊரில் குருமூர்த்தி காலமானார். அவருடைய இடத்துக்கு அடிதடி. யாரும் எதிர்பார்க்காமல் பாஸ்கரன் மேடையேறி அழுதானாம். "ஐயா ஜெர்மனியில் என் தோளில் கை போட்டு, எனக்குப் பிறகு நீதாண்டா என்று சொன்னார். படம் இருக்கிறது!" என்றானாம். கூட்டம் நம்பியது. செத்தவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போகிறாரா? வெற்றிலைச் செல்லம் தூக்கியவர் மந்திரி ஆனார். இனி நானும் மரியாதையாக "ஆனார்" என்றே சொல்ல வேண்டும். படம் எங்கே என்று எதிரிகள் கேட்க ஆரம்பித்தபோது, மந்திரி பாஸ்கரன் ஜெர்மனிக்குச் சுற்றுப்பயணம் புறப்பட்டார்.

அவர் வருவதற்கு முந்தின வாரம் சேஷாத்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கையால் நாலு அடை சாப்பிட்டு, வெண்ணெய் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு பேச்சை எடுத்தார்.

"மௌலி, மினிஸ்டருக்கு அந்த போட்டோ வேணும். சிக்ஸ்டி நைன்ல நீ எடுத்தியே, குருமூர்த்தியோட அவர் நிக்கறது."

"நான் எடுக்கலையே சார். அன்னிக்கு ஃபிலிம் தீர்ந்துபோச்சு. வெறும் ஃபிளாஷ்தான்."

"உனக்கு ஞாபகம் இல்லை. தேடிப் பாரு."

"இல்லாததை எங்கே சார் தேடறது?"

சேஷாத்ரி விரலைத் துடைத்துக்கொண்டார். "இந்த வருஷம் கழகத்துக்கு கிரான்ட் அவர் சிபாரிசுலதான் வரணும். கிரான்ட் வந்தா உன் கான்ட்ராக்ட். வரலேன்னா நான் என்னப்பா பண்ண முடியும்? உன் ஒய்ஃப் வேற ஏதோ படிக்கிறாங்க போல." இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அடை ஃபர்ஸ்ட் கிளாஸ்மா" என்றார். அந்த அடை அவர் தொண்டையில் சிக்கியிருந்தால் நான் தண்ணீர் கொடுத்திருக்கமாட்டேன்.

அவர் போனபின் இவர் ரேடியோவின் மேலிருந்த படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"போகட்டும் விடுங்க. பெட்டியைக் கட்டுவோம்" என்றேன். வாய்தான் சொன்னது. 

"உன் படிப்பு?"

 அவர் எழுந்து போய்ச் சட்டத்தைப் பிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருட்டறை வேலை. மந்திரியின் படம் ஒன்று பத்திரிகைக்காக முன்கூட்டியே வந்திருந்தது. அதிலிருந்து பாஸ்கரனின் தலையை வெட்டினார். எங்கள் படத்தில் தன் தலையைக் கழுத்துப்பட்டிக்கு மேலே பிளேடால் கீறி எடுத்தார். தலை எடுத்த இடத்தில் தலை. ஓரத்தைத் தூரிகையால் ஒட்டினார். இறந்துபோன குருமூர்த்தி, என் கணவரின் தோளில் கை போட்டபடி, பாஸ்கரனைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். கழுத்து ஒட்டிய இடம் பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியவில்லை. திறமையை மட்டும் குறை சொல்ல முடியாது.

"வல்லி, ஒரு சின்ன சிக்கல்" என்று கூப்பிட்டார்.

"என்ன?"

"குருமூர்த்தி பக்கத்துல யாரோ ஒரு பொம்பளை நிக்கறான்னு ஊர்ல பேசுவாங்க இல்ல?"

யாரோ ஒரு பொம்பளை! கேட்டுக்கொண்டேன். "என்ன செய்யப்போறீங்க? எலுமிச்சம்பழமா?"

"ஒரு பூந்தொட்டி" என்றார்.

பால் பண்ணைத் திறப்புவிழாப் படம் ஒன்றிலிருந்து ஆளுயரப் பூந்தொட்டியைக் கத்தரித்து என் மேல் ஒட்டினார். தொட்டியில் இலை நிறைய இருந்தது. என் கொண்டைவரை மறைந்தது. பிறகு முழுவதையும் மறுபடி படமெடுத்து, புதுப் பிரதி போட்டு, குளியல் தொட்டியில் மிதக்கவிட்டார். நான் அன்றைக்கும் குளிக்கவில்லை.

விருந்தில் மந்திரி பாஸ்கரன் படத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கைதட்டல் ஓய்ந்ததும் எங்கள் இருவரையும் ஓரமாக அழைத்துப் போனார்.

"யோவ் மௌலி, இந்தப் படத்தை நீ எடுக்கவே இல்லைன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு ஐயா திரும்பி நின்னுட்டிருந்தாரு. என் தோள்ல கையும் போடல, ஒரு மண்ணும் போடல."

என் கணவர் இரண்டு அடி பின்வாங்கினார்.

"பயப்படாதய்யா. இருக்கறதைப் படம் எடுக்க ஊர்ல ஆயிரம் பேரு கெடக்கான். இல்லாததை எடுக்கறவன் எவன் இருக்கான்? நீ என்கூட மெட்ராஸ் வந்துடு. கவர்மென்ட் வீடு, ஜீப், அபிஷியல் போட்டோகிராபர்னு போர்டு. அந்தப் பழைய நெகட்டிவையும் மறக்காம கொண்டாந்துடு."

கழகம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும் என்று அப்போதே முடிவாகிவிட்டது. பார்த்தீர்களா வேடிக்கையை! ஜெர்மனியில் இருப்பதற்காகச் செய்த தில்லுமுல்லு நன்றாக அமைந்துபோனதால் ஜெர்மனியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. சுமாராகச் செய்திருந்தாலாவது பிழைத்திருப்போம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "வரமுடியாதுன்னு சொல்லிடுங்க. வேற ஏதாவது ஸ்டூடியோவுல வேலை பாருங்க. கல்யாண போட்டோ, பாஸ்போர்ட் போட்டோ, எதுவா இருந்தா என்ன?"

"பாஸ்போர்ட் போட்டோவா? நானா?" என்றார். அந்த "நானா"வில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பலகையில் பெயர் எழுதி மாட்டியாகிவிட்டது, மனசுக்குள். "ஒரே வருஷம் வல்லி. வந்துட்டுப் போயேன். அப்புறம் படிக்கலாம்."

"நான் வரலை."

"தனியா எப்படி இருப்பே?"

"இத்தனை நாள் கூட்டமாவா இருந்தேன்?"

போய்விட்டார். ஆம், போய்விட்டார். படத்தைச் செய்தது எனக்காக. போனது தனக்காக. இரண்டும் உண்மை, எதை வைத்து எதைக் கழிப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. விமான நிலையத்தில் நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து, குளியலறையில் தொட்டி நிறையச் சுடுதண்ணீர் விட்டு, அதில் உட்கார்ந்துகொண்டு அழுதேன்.

ஆஸ்பத்திரித் தலைமைச் செவிலி ஒரு கன்னியாஸ்திரி. கோபக்காரி, ஆனால் என் மேல் உயிர். அவர் அதிகாரிகளிடம் சண்டை போட்டு எனக்குத் தனியாக அனுமதி வாங்கித் தந்தார். படிப்பை முடித்தேன். ஹம் நகர ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நிலக்கரிச் சுரங்க ஊர். துணி உலர்த்தினால் சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். எனக்கு அந்த ஊர் பிடித்திருந்தது, மந்திரிகள் வருவதில்லை.

இவர் மாதாமாதம் ஏர்மெயிலில் படம் அனுப்புவார். மந்திரி மரம் நடுகிறார். மந்திரி அதே மரத்தை மறுபடி நடுகிறார். மந்திரி வெள்ளத்தில் நிற்கிறார். தண்ணீர் எங்கிருந்து ஒட்டியது என்று எனக்குத் தெரியும். தன் படம் ஒன்று அனுப்பியதில்லை. முதல் வருஷமே ஆளுயரக் காலண்டர் ஒன்று வந்தது. குருமூர்த்தியின் கை பாஸ்கரனின் தோளில்; பக்கத்தில் பச்சை வர்ணம் பூசிய பூந்தொட்டி. கீழே "எனக்குப் பிறகு நீ" என்று கொட்டை எழுத்து. லட்சம் பிரதி போட்டார்களாம். நான் அதை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் விரித்தேன்.

எழுபத்தாறில் பாஸ்கரன் பதவி போயிற்று. அடுத்த வாரமே அபிஷியல் போட்டோகிராபர் பலகையையும் கழற்றிவிட்டார்கள். அடுத்த வருஷம் ஒரு நாள் வார்டு தொலைபேசிக்கு மெட்ராஸிலிருந்து டிரங்கால் வந்தது. கரகரவென்ற சத்தத்துக்கு நடுவில் அவர் குரல்.

"வல்லி, வந்துடட்டுமா?"

கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன், மூன்று வருஷமாக. பின்னால் நர்சுகள் நின்றார்கள். "சரி" என்று மட்டும் சொன்னேன். மானங்கெட்ட மனசு.

ஆனால் அவர் வந்துவிட நினைத்தால் ஆயிற்றா? இப்போது அவருக்கு இங்கே வேலை இல்லை. வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு எடுப்பதையே நிறுத்தி வருஷங்கள் ஆகியிருந்தன. என் கணவர் என்ற ஒரே வழியில்தான் உள்ளே வர முடியும். அதற்கு ஹம்மில் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். தடித்த கண்ணாடி போட்ட அதிகாரி என் காகிதங்களைப் புரட்டினார்.

"நீங்கள் இங்கே தங்கினீர்கள். அவராகவே விட்டுப் போனார். மூன்று வருஷம் சேர்ந்து வாழவில்லை. இது குடும்பமா, வெறும் காகிதமா? நான் எப்படி நம்புவது?"

"என்ன வேண்டும் உங்களுக்கு?"

"சாதாரணமாக எல்லோரிடமும் இருப்பதுதான். நீங்கள் இருவரும் சேர்ந்து இருக்கிற படம். கல்யாணம், பிறந்தநாள், ஊர் சுற்றப் போனது, ஏதாவது. உங்கள் கணவருக்கு என்ன தொழில் என்று எழுதியிருக்கிறீர்கள்?"

"புகைப்படக்காரர்" என்றேன்.

"ரொம்ப நல்லது. அப்படியென்றால் சிரமமே இல்லையே!"

வீட்டுக்கு வந்து பெட்டி பெட்டியாகக் கவிழ்த்தேன். மந்திரிகள், மந்திரிகள், எலுமிச்சம்பழங்கள். கல்யாணப் படமா? கல்யாணத்தில் படம் பிடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இன்னொருத்தன் எடுத்தால் வெளிச்சம் சரியாக வராது என்று மாப்பிள்ளையே மணையிலிருந்து எழுந்து எழுந்து போய் எடுத்தார். எங்கள் கல்யாண ஆல்பத்தில் நான் யாரும் இல்லாத மணைக்குப் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறேன். இருவரும் சேர்ந்து நின்றது ஒரே படம். பிரதியை வெட்டியாகிவிட்டது, நெகட்டிவ் பாஸ்கரனோடு போய்விட்டது. அப்போது வந்தது பாருங்கள் ஓர் ஆத்திரம்! ஊரில் உள்ள கழுதைகளுக்கெல்லாம் படம் எடுத்தாரே, பாவி மனுஷன், பெண்டாட்டியோடு ஒன்று எடுத்துக்கொண்டாரா?

அரிசி டப்பாவைத் தூக்கினேன். காலண்டரைத் தட்டி, சுருட்டி, மறுநாள் அதிகாரியின் மேசைமேல் விரித்தேன்.

"இதில் எங்கே நீங்கள்?" என்றார் அவர்.

"கழுத்துக்குக் கீழே இந்த உடம்பு என் கணவர். தலை வேறொருவருடையது. இந்தப் பூந்தொட்டிக்குப் பின்னால் இருப்பது நான்."

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். எனக்கு மூளை பிசகிவிட்டதா என்று யோசித்திருப்பார். நான் விடவில்லை. குருமூர்த்தி, ஃபிலிம் தீர்ந்தது, அடை, சேஷாத்ரி, என் படிப்பு, பிளேடு, எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே பொய்யாகக் கேட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். கழுத்தைப் பார்த்தார். ஒட்டு தெரியவில்லை என்று தலையை ஆட்டினார். மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்து, காலண்டரின் அடியில் நிறுத்தினார்.

"அம்மா, உங்கள் நாட்டில் பூந்தொட்டிக்குக் கால் விரல் உண்டா?"

குனிந்து பார்த்தேன். தொட்டியின் அடிப்பாகத்துக்குக் கீழே, புடவைக் கரையின் ஒரு கீற்று. அதற்கும் கீழே செருப்பில் இரண்டு பாதங்கள். விரல்களில் மெட்டி. இத்தனை வருஷமும் லட்சம் வீட்டுச் சுவரில் நான் நின்றுகொண்டிருந்திருக்கிறேன், நானே பார்க்கவில்லை.

"இந்த வளையம் என்ன?" என்று கேட்டார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, கம்பளிக் காலுறையை உருவி, அவருடைய மேசைக்குப் பக்கத்தில் காலை நீட்டினேன். வெள்ளி தேய்ந்து போயிருந்தது. "கல்யாணத்தில் கணவர் போடுவது. இதற்கு மட்டும் காமிராவைக் கீழே வைத்தார்" என்றேன்.

அவர் என் காலையும் காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பிறகு முத்திரையை எடுத்தார்.

எழுபத்தெட்டு பிப்ரவரியில் இவர் வந்து சேர்ந்தார். தலையெல்லாம் நரைத்து, கோட்டு தொளதொளவென்று. ஸ்டேஷன் பக்கத்தில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். "நானா" என்று கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்தபின் காலண்டரை விரித்து அவரிடம் அந்த இடத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"வேணும்னுதானே விட்டீங்க?" என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். "என்னை முழுசா அழிக்க மனசு வரலை. அதானே?"

அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு இன்னும் ஒரு தரம் பார்த்தார்.

"இல்லை வல்லி. கவனிக்காம விட்டுட்டேன்" என்றார்.

மந்திரி, மந்திரியின் மச்சான், பெட்டி தூக்கினவன் என்று அத்தனை பேரிடமும் வாய் கூசாமல் பொய் சொன்ன மனுஷன். எனக்கு ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா?